இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே

சென்னை மீனம்பாக்கத்தில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் பிராங்பர்ட் விமானம் சுமார் 7,600 கி.மீ. தூரத்தைப் பத்தரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. லண்டன் இன்னும் 600 கி.மீ. தள்ளி. ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதென்றால், லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கி ஏறத்தாழ 3,360 கி.மீ.; நாலரை மணி நேரம். ஆகாயத்தில் தூரமும் நேரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. எதிர்க்காற்று வீசினால் சில நிமிடங்கள் கூடும், பின்காற்று தள்ளினால் குறையும், அவ்வளவுதான்.

தரையில் அந்தக் கணக்கு செல்லாது. மீனம்பாக்கத்துக்கும், சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கென 2022 ஆகஸ்டில் தேர்வான பரந்தூருக்கும் நடுவே சாலைவழியே சுமார் 60 கி.மீ. அந்த அறுபதுக்குள் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம், சுங்குவார்சத்திரம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரகடத்துக்குச் சற்றே தெற்கே திரும்ப வேண்டும். அதே தூரத்துக்கு ஐபோன் பெட்டிக்கு ஒரு நேரம், கார் ஏற்றிய டிரெய்லருக்கு ஒரு நேரம், கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகும் பெண்ணுக்கு வேறொரு நேரம். யாருக்காக நேரம் குறைக்கப்பட்டிருக்கிறது, யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க, இந்த வழியைப் பகல் முழுக்க நின்று நின்று கடப்பதைவிட நல்ல வழி கிடையாது.

தொடங்க வேண்டிய இடம் விமான நிலையம் அல்ல, அதற்கு எதிரே நிற்கும் பரங்கிமலை. காலை வெயில் ஏறுவதற்குள் படி ஏறினால் ஓடுபாதை முழுவதும் கண்ணுக்குக் கீழே நீள்கிறது. மலைமேல் தேவாலயத்தருகே வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. தோமையாரைக் கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. இந்தியாவில் தூரத்தைத் துல்லியமாக அளக்கும் வேலை இந்த மலையடிவாரத்துச் சமவெளியில்தான் 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கியது. நூறு அடி நீள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்பதை வெப்பமானி வைத்துக் கணக்கிட்டு, பெரும்பாக்கம் குன்று நோக்கி லாம்ப்டனின் ஆட்கள் அடி அடியாக நகர்ந்தார்கள். அந்தச் சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன கருவிகளில் ஒன்று. சுற்றிச் சுழன்று சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் பிடித்தன.

அந்தக் கோட்டை அடியாக வைத்து முக்கோணங்களைக் கட்டிக்கொண்டு மங்களூர்வரை போனபோதுதான், இரு கடற்கரைகளுக்கும் நடுவே வரைபடத்தில் 400 மைலாக இருந்த அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் தாளிலிருந்து காணாமல் போனது. ஊர்களும் வயல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அதே சமவெளியில் சிறகு முளைத்த கதையும் பழையது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜாகோமோ தாஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தின் உதவியோடு சென்னையிலேயே விமானம் கட்டி 1910-இல் பறக்கவிட்டார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவர, அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் அதைப் பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பையில் லண்டன் கடிதங்கள் இருந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் தொடங்கிய இம்பீரியல் ஏர்வேஸ் சேவை லண்டனிலிருந்து கராச்சிக்கு ஏழு நாள் எடுத்துக்கொண்டது. அதிலும் பாசெலிலிருந்து ஜெனோவாவரை ரயில், பிறகு கடல்விமானம். இன்று லண்டன் ஓர் இரவுத் தூக்கம்.

மீனம்பாக்கம் ஊருக்குள் சிக்கிக்கொண்ட விமான நிலையம். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, பின்னால் அடையாறு. பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். குறுக்கே போகும் இரண்டாவது ஓடுபாதையை நீட்ட இடமில்லாமல் அடையாற்றின்மேல் பாலம் கட்டி அதன்மேல் கொண்டுபோனார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் உபரிநீரோடு மழைநீரும் சேர்ந்து வந்தபோது ஆறு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. சிக்கியவர்களை ஏற்றிச் செல்ல அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படைத் தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் நிலையத்துக்கு வளர இடமில்லை என்று அரசு சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த மலைமேல் நின்று பார்க்கும் யாருக்கும் அது புரியும்.

கத்திப்பாராவிலிருந்து மேற்கே பிரியும் மவுண்ட்–பூந்தமல்லி சாலை நந்தம்பாக்கம், ராமாபுரம், போரூர் என்று ஊர்ந்து போகிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் தூண்கள் நடுச்சாலையை எடுத்துக்கொண்டிருக்க, இருபுறமும் ஐ.டி. வளாகங்கள். இந்த வழியைக் காலால் அளந்தவர் ஒருவர் உண்டு. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, தன் நந்தவனத்துப் பூக்களைத் தொடுத்து எடுத்துக்கொண்டு, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நடந்தே கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. காஞ்சியில் விசிறிக் கைங்கரியம் செய்த அவரையே, சாதி பாராமல் தம் ஆசிரியராக வரித்தார் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். அந்தப் பூந்தமல்லி–காஞ்சிபுரம் வழிதான் இன்றைய பெங்களூரு நெடுஞ்சாலையின் முதல் பகுதி.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை முடிந்ததும் காட்சி மாறுகிறது. இருங்காட்டுக்கோட்டை. 1996-இல் நிறுவனம் தொடங்கிய ஹூண்டாய், 1998 செப்டம்பரில் சாந்த்ரோ காரை இங்கிருந்து சந்தைக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு சாலையோரத்துக் கடைப்பலகைகளில் கொரிய எழுத்துகள் குடியேறின. கிம்ச்சி கிடைக்கும் உணவகமும், கொரியர்களுக்கான விடுதியும், அதற்குப் பக்கத்திலேயே பரோட்டா கடையும். இந்தச் சாலையில் நேரத்தை அளக்கும் அலகே வேறு. காருக்கான இருக்கையோ டாஷ்போர்டோ செய்யும் சிறு தொழிற்சாலையிலிருந்து அசெம்பிளி லைனுக்குப் பாகம் சரியான மணிக்கு, சரியான வரிசையில் போய்ச் சேர வேண்டும். கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. சிவப்பு காருக்கான பம்பர், அந்த சிவப்பு கார் லைனில் வந்து நிற்கும்போது அங்கே இருக்க வேண்டும். அதனால்தான் சப்ளையர்கள் எல்லாரும் தாய்த் தொழிற்சாலையைச் சுற்றியே குடியேறியிருக்கிறார்கள். இந்த வட்டாரம் உருவான காரணமே தூரத்தைச் சுருக்குவதுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பினால் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. அவர் இருந்த காலத்திலேயே செய்யப்பட்டு, அவரே தழுவிக்கொண்டதாக நம்பப்படும் தானுகந்த திருமேனி இங்கே இருக்கிறது. இந்த ஊர்க்காரர் நடந்த தூரம் கொஞ்சமல்ல. காஞ்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போனது ஒருபுறம். ரகசியப் பொருள் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. பதினேழு முறை திருப்பி அனுப்பப்பட்டவர், பதினெட்டாம் முறை பெற்றதை ஊரறியச் சொல்லிவிட்டார். பின்னாளில் மேற்கே மேல்கோட்டைவரை போய்ப் பல ஆண்டுகள் தங்கினார்.

அதே மேற்குத் திசைக்கு இப்போது இன்னொரு பாதை தயாராகிறது. பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்வரை சுமார் 260 கி.மீ. நீளத்துக்குப் போடப்படும் விரைவுச் சாலை. 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்தது. ஐந்தாறு மணி நேரப் பயணம் பாதியாகிவிடும் என்பது வாக்குறுதி. இந்தத் திசையில் தூரத்தை எழுதிவைக்கும் வழக்கமும் புதிதல்ல. தர்மபுரிப் பகுதியில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. எழுத்துப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனுக்காக அந்த எண்ணைக் குழிகளாகவும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய குழிகள் பத்துக்கு, சின்னக் குழிகள் ஒன்றுக்கு. வழியில் போகிறவன் யார் என்பதை யோசித்துப் போட்ட சாலை அது.

நெடுஞ்சாலையோரத்திலேயே ராஜீவ் காந்தி நினைவிடம். ஏழு தூண்கள், அமைதியான புல்வெளி. அரசியலுக்கு வருமுன் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியாக இருந்தவர் அவர். 1991 மே 21 இரவு மீனம்பாக்கத்தில் இறங்கி, போரூரிலும் பூந்தமல்லியிலும் கூட்டத்தைச் சந்தித்துவிட்டு இதே சாலையில் வந்தார். விமான நிலையத்திலிருந்து இங்கே வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பத்து மணி தாண்டியபின் குண்டு வெடித்தது. அவரோடு இறந்தவர்களில் காவலர்களும் கட்சிக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. நினைவிடத்துக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை.

இந்த ஊரின் முதல் பெரிய மின்னணுக் கனவு பின்லாந்திலிருந்து வந்தது. 2006 ஜனவரியில் நோக்கியா இங்கே கைப்பேசி செய்யத் தொடங்கியது. செய்த கைப்பேசிகள் மீனம்பாக்கம் வழியே விமானமேறிப் பல நாடுகளுக்குப் போயின. நல்ல நாளில் எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அதே காலத்தில் ஐரோப்பாவில் நோக்கியா என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008-இல் ஜெர்மனியின் போஹும் நகரத் தொழிற்சாலையை மூடியது. சுமார் 1,300 கி.மீ. கிழக்கே, ருமேனியாவின் குளூஜ் அருகே புதிது திறந்தது. மூன்றே ஆண்டில், 2011-இல், அதையும் மூடியது. போஹும் நகரத்துத் தொழிலாளிகள் தெருவில் இறங்கிப் போராடியபோது அந்த வேலை ருமேனியாவுக்குப் போகிறது என்று கோபப்பட்டார்கள். ருமேனியர்களிடமும் அது நிற்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரின் முறை 2014 நவம்பர் 1 அன்று வந்தது. வரிப் பிரச்சினையில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால், நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. பிறகு மைக்ரோசாப்ட் கொள்முதலை நிறுத்தியதும் லைன் நின்றது. ஐந்தாண்டுக்கு மேல் பூட்டிக்கிடந்த வளாகத்தைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கித் திறந்தது. அதுவும் பின்லாந்தில் பிறந்த நிறுவனம்தான். ஒரு தொழிற்சாலை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக ஒரு இயக்குநர் குழுக் கூட்டம் போதும். அதை நம்பி ஊரைவிட்டு வந்து, விடுதியில் தங்கி, தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய பெண்ணுக்குத் திரும்பிப்போகும் தூரம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

தெற்கே திரும்பினால் வல்லம், வல்லம் வடகால். சிப்காட் இங்கே வானூர்திப் பூங்கா ஒன்றை அமைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் தொழிலாளிகளுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அடுக்கடுக்காக நிற்கும் அந்தக் கட்டடங்கள் 2021 டிசம்பரில் நடந்ததற்கான பதில். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போக, மற்றவர்கள் நள்ளிரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை கொஞ்ச காலம் மூடப்பட்டது. கன்டெய்னர்கள் நகராமல் நின்ற அந்த மணி நேரங்களில்தான் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்று உலகம் கேட்டது. தங்கும் இடம் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே அமைவது நல்ல மாற்றம். தூத்துக்குடியிலோ திருவாரூரிலோ இருந்து வந்த பெண்ணுக்குப் பஸ் பயணம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டுக்கான பயணம் மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்.

ஒரகடம் சந்திப்பில் மத்தியானம் ஷிப்ட் மாறும் நேரம் பார்க்க வேண்டியது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். வெள்ளை பஸ்கள் நான்கு திசையிலிருந்தும் வந்து சேர்கின்றன. முன்கண்ணாடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்: கம்பெனி பெயர், ரூட் எண், ‘பி ஷிப்ட்’. ஜன்னலோரம் எல்லாம் தூங்கும் தலைகள். கிளீனர் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கு ஒரே நேரத்தில் நாற்பது பேர் விழிக்கிறார்கள். துப்பட்டாவைச் சரிசெய்து, காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, அடையாள அட்டையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்ச்சாரியில் ஏ ஷிப்ட் முடிந்தவர்கள் டீக்கடையைச் சூழ்ந்திருக்கிறார்கள். கடைப் பலகை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும்.

செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்துபோகும் ஓர் இளைஞர் டீ ஆறுவதற்குள் தன் நாளைக் கணக்கு போட்டுச் சொல்கிறார். ஆறு மணி ஷிப்டுக்கு நாலு மணிக்குள் பஸ் ஏற வேண்டும். மூன்றரைக்கு எழுந்தால்தான் முடியும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, பஸ் நிரம்பி, வீடு போய்ச் சேர நாலரை, ஐந்து. எட்டு மணி நேர வேலைக்குப் பதின்மூன்று மணி நேரம். ஓ.டி. இருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் கான்ட்ராக்ட். பஸ் இலவசம் என்பதை நன்றியோடுதான் சொல்கிறார். பயண நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வி அவருக்குப் புதிதாக இருக்கிறது. சென்னையிலிருந்து பிராங்பர்ட் போகிறவருக்குப் பத்தரை மணி நேரப் பயணம் வேலையின் பகுதி. அவருக்கு அன்றைக்குப் படியும் உண்டு.

பிராங்பர்ட்டை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சந்திப்பைத் தாண்டினால் ஜெர்மனியின் டைம்லர். நானூறு ஏக்கர் வளாகம், 2012 ஏப்ரலில் திறந்தது. பாரத்பென்ஸ் லாரிகள் இங்கிருந்துதான் வருகின்றன. சற்றுத் தள்ளி, ரெனோ–நிசான் 2010 மார்ச்சில் தொடங்கிய தொழிற்சாலை. அங்கே செய்த மைக்ரா கார்கள் எண்ணூர்த் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அப்பல்லோ டயர்ஸ், ராயல் என்பீல்டு, கோமாட்சு என்று வரிசை நீள்கிறது. டைம்லரின் ஊரான ஸ்டுட்கார்ட்டுக்கும் ஒரகடத்துக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. ஜெர்மனியில் காலை காபி குடித்துவிட்டு அழைப்பில் சேரும்போது இங்கே சாப்பாட்டு நேரம். அவர்களின் மாலைக் கூட்டம் முடியும்போது இங்கே இரவு பத்து. அலுவலகத்து ஊழியர் அந்தக் கூட்டத்துக்காகக் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவது வாடிக்கை.

பெரிய வளாகங்களின் மதிலைத் தாண்டி வல்லக்கோட்டை முருகன் கோயில் இருக்கிறது. ஏழடி உயர மூலவர். அருணகிரிநாதர் பாடிய தலம். கிருத்திகையன்று புது பைக்குகள் சந்நிதி வாசலில் வரிசையாக நிற்கும். அதில் சில, இதே சாலையில் அசெம்பிளி லைனைவிட்டு இறங்கியவை. அவற்றை வாங்கியவர்களும் அதே லைனில் நிற்கிறவர்கள். இந்தத் தொழிற்சாலைகள் இந்த வட்டாரத்துக்குக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. வானம் பார்த்த பூமியில் ஏரி வற்றினால் சென்னைக்குக் கொத்து வேலைக்குப் போன குடும்பங்களில் இப்போது டிப்ளமோ படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு குறை மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் இங்கே செய்த கார்கள் சரக்கு ரயிலேறி வடக்கே போகின்றன. ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியே கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை என்ற திட்டம் பத்தாண்டுக்கு மேலாகத் தாளிலேயே இருக்கிறது.

சுங்குவார்சத்திரத்துக்கு வடக்கே ஏறி மீண்டும் நெடுஞ்சாலையைப் பிடிக்கும்போது கன்டெய்னர் லாரிகள் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. 2025 மார்ச்சில் அமெரிக்க இறக்குமதி வரி உயரும் என்று தெரிந்ததும், சுமார் 600 டன் ஐபோன்கள் தனிச் சரக்கு விமானங்களில் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. சுங்கச் சோதனைக்கு ஆகும் நேரம் முப்பது மணியிலிருந்து ஆறு மணியாகக் குறைக்கப்பட்டதாம். மனம் வைத்தால் இருபத்துநான்கு மணி நேரத்தை வெட்டி எடுக்க முடியும் என்பதற்கு இந்தச் சாலையிலேயே அத்தாட்சி இருக்கிறது.

நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே பிரிந்ததும் சத்தம் அடங்குகிறது. ஏரி, வயல், பனை, மறுபடி ஏரி. கம்பன் கால்வாய் இந்த ஊர்களின் ஊடே பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்கிறது. பரந்தூரைத் தாண்டிப் புள்ளலூர். வயல்வெளியில் இரண்டு கல்தூண்கள், கும்பினிப் படையின் அதிகாரிகளுக்கு எழுப்பியவை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை முறியடித்த களமும் இதுவே என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது.

1780-இல் இங்கே நடந்தது தூரத்தைத் தவறாகக் கணித்ததன் கதை. குண்டூரிலிருந்து வந்த கும்பினிக் கர்னல் பெய்லி, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும். வழியில் கொசஸ்தலையாற்றில் வெள்ளம். கரையில் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தார். வற்றியபின் கடந்து வந்தால் திப்பு மறித்தார். பிறகு ஹைதரின் முழுப் படையும் சேர்ந்துகொண்டது. மைசூர்க்காரர்களின் இரும்புக் குழல் ராக்கெட்டுகள் வானத்தில் சீறிவர, வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்தன. செப்டம்பர் 10 அன்று பெய்லியின் படை அழிந்தபோது மன்றோ அரை நாள் நடைத் தூரத்தில் இருந்தார். அவர் வரவில்லை. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் இன்றும் வண்ணத்தில் இருக்கிறது. அந்த ராக்கெட்டுகளை ஆராய்ந்துதான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். ஆக, இந்த வட்டாரத்து வானத்தில் பறந்த முதல் இயந்திரம் பயணி விமானமாக இருக்கப்போவதில்லை.

மாலையில் ஏகனாபுரம். திட்டம் நிறைவேறினால் முற்றிலும் போய்விடும் ஊர்களில் ஒன்று. ஐயாயிரத்து எழுநூறு ஏக்கருக்கு மேல் நிலம், பல ஊர்களில், இரண்டு ஓடுபாதைகள், ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் என்பது திட்டம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 2022 ஜூலையில் தொடங்கிய ஏகனாபுரத்துப் போராட்டம் அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் நாளை எட்டியிருந்தது. கிராமசபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடியை வெறிச்சோடவிட்டார்கள். பகலில் வயலுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டு, வேலை முடிந்தபின் ஊர் நடுவே கூடி உட்காருவதுதான் அவர்கள் முறை. எதிர்ப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். தொழிற்சாலையை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரியையும் வீட்டையும் வயலையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் மறுக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே கட்டிய விமான நிலையங்களின் கதை உலகத்தில் இரண்டு விதமாகவும் உண்டு. கனடாவில் மாண்ட்ரியல் நகருக்கு 50 கி.மீ.க்கு அப்பால் மிராபெல் நிலையத்தை 1975-இல் திறந்தார்கள். அதற்காக 97,000 ஏக்கர் எடுத்து விவசாயக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். நகரத்திலிருந்து போடுவதாகச் சொன்ன ரயில் வரவில்லை; பயணிகள் பழைய நிலையத்தை விடவில்லை. எடுத்த நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், 2004-இல் கடைசிப் பயணிகள் விமானம் போனது, முனையத்தை இடித்தார்கள். டோக்கியோவுக்கு 60 கி.மீ. தள்ளியிருக்கும் நரிதா வேறு மாதிரி. விவசாயிகளும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 1978 மார்ச்சில் திறக்கவிருந்தபோது கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை உடைக்க, மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. நரிதா பிழைத்தது, பெரிதாகவும் ஆனது; நகரத்தோடு அதைக் கட்டிப்போட்டது ரயில். ஆனால் நிலத்தை விட மறுத்த விவசாயியின் வயலைச் சுற்றித்தான் அதன் டாக்ஸிபாதை பல ஆண்டுகள் வளைந்து போனது.

இரண்டிலும் தூரம் ஏறத்தாழ ஒன்று, பரந்தூரின் தூரமும் அதுவே. வித்தியாசம் அந்தத் தூரத்தை யார், எதில், எவ்வளவு நேரத்தில் கடக்கிறார்கள் என்பதில் இருந்தது. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியே பரந்தூர்வரை ஏறத்தாழ 53 கி.மீ. மெட்ரோ என்ற திட்டம் இங்கேயும் தயாராகியிருக்கிறது. முதல் கட்டமாகச் சுங்குவார்சத்திரம்வரை சுமார் 28 கி.மீ. அந்த முதல் கட்டத்துக்கு விமான நிலையம் தேவையே இல்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வேலைக்கு வந்துபோகும் ஆட்கள் இப்போதே இருக்கிறார்கள். நாளை வரப்போகும் பயணிகளுக்காக அவர்கள் காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஏகனாபுரத்துப் போராட்டம் எப்படி முடிந்தாலும் இந்த 28 கி.மீ. பாதையைத் தனியாகப் பிரித்து முதலில் போடலாம். அது காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்பே முதல் வண்டியை விட வேண்டும். இரவு பத்து மணி ஷிப்ட் முடிந்தபின் கடைசி வண்டியை விட வேண்டும். ஆவடி–கூடுவாஞ்சேரி ரயில்பாதையும் கூடவே வந்தால் ஒரகடத்துக்காரர்களுக்கும் வழி பிறக்கும். செய்யாற்று இளைஞருக்கு இந்த இரண்டும் உதவாது. அவருடைய திசை தெற்கு. அவருக்கும் உத்திரமேரூர், வந்தவாசிப் பக்கத்தவர்களுக்கும், கம்பெனி தருகிற பஸ்ஸில் கழியும் ஐந்து மணி நேரத்தையும் வேலை நேரத்தோடு சேர்த்துப் பேசும் ஓர் ஒப்பந்தம் வேண்டும். நெடுஞ்சாலைக்குத் திரும்பினால், சுங்கச்சாவடிப் பக்கம் இரவு ஷிப்ட் பஸ்கள் மேற்கிலிருந்து வரத் தொடங்கிவிட்டன.